பம்பரம் ஆடிய ஆட்டம்

அம்மாவுக்கு, வணங்கி எழுதுகிறேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா இன்னும் கண் திறக்கவில்லை என்று தங்கை சொன்னாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று குளிர்கிடங்கில் சாப்பிடும்போது நம் ஊர்ப்பக்கத்து டிரைவர் ஒருவர் பழைய கால்பந்துக் கதையை எடுத்தார்.

"பம்பரம்னு ஒருத்தர் ஆடுவாரு. இடுப்பை ஒரு வெட்டு வெட்டி அத்தனை பேரையும் ஏமாத்திட்டு, காலி கோலுக்கு முன்னாடி பந்தை மிதிச்சுக்கிட்டு நிப்பாரு. விழுந்த கீப்பர் எந்திரிச்சு வர்ற வரைக்கும் காத்திருந்து, மறுபடி ஏமாத்தி அடிப்பாரு. கீப்பரே சிரிச்சிருவான்!"

அந்த இடுப்பு வெட்டைச் செய்து காட்டப்போன கிழட்டு வெல்டர் பெட்டிமேல் விழுந்தார். ஒரே சிரிப்பு.

அந்தப் பம்பரம் என் அப்பா என்று நான் சொல்லவில்லை அம்மா. சொன்னால், "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். ஓடட்டும்.

அவருடைய ஆட்டக் காலுறை கிடைத்தால் அனுப்பு, இங்கே கால் விறைக்கிறது. அவருக்கு எண்ணெய் தேய்க்கும்போது இதைக் காதருகே படித்துக் காட்டு.

லீவு அடுத்த மாதம்தானாம். வண்டி ஹாரன் அடிக்கிறது, நிறுத்துகிறேன். எதிராளி கீப்பருக்கே காத்திருந்த மனுஷன். எனக்காகவும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்.

உன் மகன்