அப்பாவின் ‘கட்டி’ ரத்தம்

சிவாஜிநகர், பெங்களூரு

அன்பு மகள் மௌரீனுக்கு அப்பா எழுதுவது, அதாவது அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி டெரிக் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அம்மா சுகம், நான் சுகம், அப்பா முக்கால் சுகம், மீதிக் கால் பங்கை அவருடைய வலது கண் வைத்திருக்கிறது. ஷில்லாங் குளிரும் மடத்துச் சாப்பாடும் உன்னை முழுச் சுகமாக வைத்திருக்கும் என்று நம்புகிறோம். கையெழுத்து கோழி கிளறியது போலிருந்தாலும் சேதி நல்லதுதான், பயப்படாமல் படி. கன்னியர் பயிற்சி முடியும்வரை உனக்குப் போன் கூடாது என்பதால் எல்லாவற்றையும் இந்தத் தாளிலேயே கொட்டச் சொல்லியிருக்கிறார்.

வரும் மே மாதம் நடக்கப்போகிற உன் முதல் துறவற வார்த்தைப்பாட்டுப் பூசையில் அப்பாதான் வாசகம் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அம்மா அதற்குப் பிறகு போட்ட இரண்டு கடிதத்திலும் ‘அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி’ என்று மட்டும் இருந்ததே, அது பொய் அக்கா, அம்மா அதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாகிவிட்டது. நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அப்பா பைபிளிலிருந்து திருமுகம் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நான் ஏதோ குறும்பு என்று நினைத்துச் சிரித்தேன். வலது கண்ணில் எழுத்தெல்லாம் புகைக்குள் போய்விட்டதாம், இடது கண்ணை வைத்து ஒப்பேற்றிவிட்டு இறங்கினார். திருமுகம் தடுமாறியது, வாசித்தவர் திருமுகம் மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பல மாதமாகப் பக்கத்து வீட்டு மரியா ஆன்ட்டி, என்னா பெர்னார்ட் அண்ணே, வயசு ஏற ஏற ஆப்பிள் மாதிரி ஆயிட்டு வர்றீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார், அப்பாவும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே கண்ணாசுபத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் சஹானா என்று ஒருவர், பார்த்தால் காலேஜ் முடித்து நேற்றுதான் வந்தவர் போலிருப்பார், ஆனால் அப்பா இப்போது அவரைப் பற்றிப் பேசும்போது எழுந்து நிற்காத குறைதான். வலது கண்ணில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அதோடு விடவில்லை, பார்வையில் ஒரு குறையும் இல்லாத இடது கண்ணையும் சாவகாசமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, அங்கிள், குளிச்சிட்டு வந்தா உடம்பு அரிக்குதா என்று கேட்டார். அப்பா ஆடிப்போய்விட்டார். அம்மா அந்த அரிப்புக்காக எத்தனை சோப்பு மாற்றியிருப்பார் என்று உனக்கே தெரியும். கண்ணைப் பார்த்தே பாத்ரூம் சங்கதி சொன்ன ஒரே டாக்டர் உலகத்தில் இவர்தான் இருப்பார். இடது கண்ணிலும் குழாய்கள் தடித்துக் கறுத்திருக்கின்றன, ஒரு கண் என்றால் கண்ணின் கோளாறு, இரண்டும் இப்படி என்றால் ரத்தத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

இங்கேதான் நம் வீட்டு வழக்கப்படி கூத்து ஆரம்பம். ரத்தம் எடுத்த நாணு, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சார், நிம்ம ரக்தா தும்பா கட்டி, அதாவது உங்கள் ரத்தம் ரொம்பக் கட்டி என்று கன்னடத்தில் சொன்னார். நம் அப்பா, கன்னடத்தில் கட்டி ஆள் என்றால் திடமான ஆள், அதைப் போல, தன் ரத்தம் பலே ரத்தம் என்று எடுத்துக்கொண்டு மார்பை விரித்து வீட்டுக்கு வந்து, குளோரியா, என் ரத்தம் கட்டியாம் என்றார். அம்மாவுக்கு அது தமிழ்க் கட்டியாகக் காதில் விழுந்தது, உடனே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அழ உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்கு மெடல், ஒருவருக்கு ட்யூமர், சொன்னது ஒரே சொல். எழுதினாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் வந்து தொலைக்கிறது பார். பலே ரத்தத்துக்கு எதற்கு வைத்தியம் என்று அப்பா அடுத்த தடவை போகவே இல்லை. டாக்டர் சஹானாவே போன் செய்தார். எத்தனை நோயாளிகள் இருப்பார்கள், அதில் வராமல் போன ஒருவரை யார் தேடுவார்கள் என்று அப்பா இன்னும் சொல்லி ஆச்சரியப்படுகிறார். கட்டி என்றால் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம் அங்கிள், ராகிக் கஞ்சி மாதிரி ஓட வேண்டியது ராகி முத்தை உருண்டை மாதிரி ஆகிவிட்டது, நாளைக்கே வராவிட்டால் இடது கண்ணுக்கும் இதே கதி வரலாம், மூளைக்கும் இதயத்துக்கும்கூட ஆபத்து என்று கண்டித்தார்.

நோயின் பெயர் பாலிசைதீமியா வெரா. எலும்புக்குள் சிவப்பணு தயாராகும் இடம் நிறுத்தத் தெரியாமல் தயாரித்துக்கொண்டே இருக்குமாம், லட்சத்தில் ஓரிருவருக்குத்தான் வருமாம். அம்மா முதலில் கேட்டது, யாருங்க அந்த வெரா. தொற்றாது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் இருக்கலாம், ஆனால் ஆயுசுக்கும் மருந்தும் பரிசோதனையும் உண்டு. அவ்வப்போது ஒரு பை ரத்தம் எடுத்துவிடுகிறார்கள், அது வீணாகப் போகிறதே, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அப்பா நாணுவிடம் கெஞ்சிப் பார்த்தார், கொடுக்கக் கூடாதாம். வலது கண்ணுக்கு மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்ளேயே. அப்பாவைக் கலாய்ப்பதுதான் என் முழுநேரத் தொழில், ஆனால் அந்த ஊசிக்கு அவர் காலரைச் சரிசெய்துகொண்டு நடந்து உள்ளே போனபோது எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை அக்கா. வெளியே வந்து அவர்தான், என்னாடா, பூனை மாதிரி இருக்கே என்று கேட்டார்.

மூன்று ஊசி ஆகிவிட்டது. வலது கண் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, அதனால்தான் உன் வாசகத்துக்கு அப்பா இன்னும் சரி சொல்லவில்லை, பாதியில் நின்று உன் நாளைக் கெடுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். மற்றபடி நீ அங்கே அப்பாவுக்காக உபவாசம் என்று பட்டினி கிடக்காதே, குளிருக்கு இரட்டைச் சாக்ஸ் போடு, தலைவலி என்றால் மறைக்காமல் மதரிடம் சொல் என்கிறார். தம்பி டெரிக் மிகப் பொறுப்பானவனாக மாறிவிட்டான், கிறிஸ்துமஸுக்கு அவனுக்குப் புதுப் போன் வாங்கித் தரத் தீர்மானித்திருக்கிறேன் என்றும் எழுதச் சொன்னார்.

அக்கா, மேலே உள்ளதை எழுதி முடித்ததும் அப்பா தாளைக் கேட்டார். ஜன்னலோரம் போய், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஊசி போட்ட கண்ணால் சும்மா தடவிப் பார்ப்பது போலப் பார்த்தார். தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு, யாரு மவனே புதுப் போன் தீர்மானிச்சது என்றார். நானாகச் சேர்த்த வரி பிடிபட்டதே என்று விழித்தேன், நடந்தது என்ன என்று எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை, அடுப்படியிலிருந்து வந்த அம்மாதான் அவர் கையைக் காட்டினார். கை இன்னும் இடது கண் மேலேயே இருந்தது. அம்மா இன்னொரு தரம் வாசிங்க என்றதும் அப்பா நிமிர்ந்து நின்று, புதுப் போன் வரியைக் கோயிலில் திருமுகம் வாசிக்கும் குரலில், மெதுவாக, ஓர் எழுத்தும் விடாமல் வாசித்தார். திட்டு வாங்குவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. அந்த வரியை அடிக்கச் சொன்னார், நான் அடிக்கவில்லை. என் கையெழுத்தையே வாசித்துவிட்டவருக்கு அச்செழுத்து எம்மாத்திரம். ஆகையால் வாசகத்துக்குச் சரி என்று எழுதுடா என்றார், எழுதிவிட்டேன்.

வாசகம் எதுவென்று முன்கூட்டியே எழுது, பழகிக்கொள்ள வேண்டுமாம். மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், உன் தீர்மானம் உறுதியாக நிற்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறார்கள். கையெழுத்தை அப்பாவே போடுகிறாராம், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

உன் அப்பா,
பெர்னார்ட்
புதுப் போன் கிடையாது.