கம்பி வலை அடியில் கிடந்தது

அன்பு மகளுக்கு,

உடம்பைக் கேட்டால் நானும் அம்மாவும் சௌக்கியம்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, நான் சவரம் செய்ததில் விட்டுப்போன முடியெல்லாம் இப்போது அவள் கண்ணில் படுகிறது. சித்தப்பா ஏன் போனை எடுப்பதில்லை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாய். அவனுக்கு வேலை மும்முரம் என்று நான் சொன்னது பொய்.

அவனுடைய லேத் பட்டறைக்கு நீ வரைபடம் போட்டு அனுப்ப, நான் கான்கிரீட் தளம் போட்டேனே, மிஷின் ஏற்றிய மூன்றாம் மாதமே அது வாசலிலிருந்து மிஷின் கால் வரைக்கும் விரிசல் விட்டது. என்ன அண்ணே இது என்று அவன் கேட்டபோது, என் வேலையில் ஒரு குறையும் இல்லை, சின்னப் பெண் போட்ட கணக்கு, அதில்தான் எங்கேயோ தப்பியிருக்கும் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். பட்டறை ஆட்கள் நாலு பேர் முன்னால் சொன்னேன். மாடிக்கும் உன்னிடம் வரைபடம் கேட்டிருந்தானே, அதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டான். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஒளிந்துகொண்டிருக்கிறான்.

போன வியாழக்கிழமை விரிசல் விட்ட இடத்தை உடைத்தோம். கம்பி வலை அடியில் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேல்பாகத்தில் இருந்தால்தானே விரிசலை இறுக்கிப் பிடிக்கும், அங்கே கிடந்து என்ன பிரயோசனம். கம்பியை நாற்காலி மாதிரி வளைத்துச் செய்த சேர் வைத்து வலையைத் தூக்கி நிறுத்தாமல், கலவை கொட்டக் கொட்டக் கொக்கி போட்டு மேலே இழுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இழுத்துவிட்ட வலையை நாங்களே மறுபடி மிதித்து அமுக்கியிருக்கிறோம். சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, கம்பி அடியிலதான் இருக்கணுமா அண்ணே என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யையும் சொன்னேன் அம்மாடி. வீட்டுக்கு வந்து உன் வரைபடத்தைத் தேடி எடுத்தால், ஓரத்தில் அப்பா, சேர் வைக்க மறந்துடாதீங்க, கொக்கி வேலை வேண்டாம் என்று உன் கையெழுத்து. அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன் நான். வெட்கத்தில் அம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்று காலை அந்த நாலு பேரும் இருக்கும்போதே சித்தப்பா கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்து, புள்ளைகிட்ட நான் எந்த மூஞ்சியோட பேசுவேன் என்று மட்டும் கேட்டான். தளம் முழுவதையும் உடைத்து மறுபடி போடுகிறேன், சேர் வைத்து.

நீ போடும் ஒவ்வொரு கோடும் உனக்கு நல்ல பேர் வாங்கித் தரட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்வான், மறக்காமல் எடு. உன்னை எனக்குத் தெரியும், அப்பாவுக்கு வயசாயிடுச்சு, நானும் இன்னும் விளக்கமா வரைஞ்சிருக்கலாம் என்று பாதிப் பழியை உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே யாரிடமும் நீ என்னை விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா