வயலில் ஒரு சிவப்புச் சால்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கோல சிலாங்கூரில் நான் வயதை மறந்து ஆடுகிறேன் என்று தம்பி சேது சொன்னானாம். தவறு. இங்கே விடுதியைக் கவனிப்பது என் வேலை. ஞாயிறுகளில், ஆசைக்குப் புகைப்படமெடுக்கும் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போகிறேன். தாமதமாக வருபவருக்கு வேன் நிற்காது. கேட்காமல் யாரையும் படமெடுக்கக் கூடாது. கான்வெண்டில் படித்தவள் நடத்தினால் அப்படித்தான்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் சுங்கை பெசார் வயலுக்குப் போனோம். தனுஜா என்ற பெண் தன் சிவப்புச் சால்வையை நீட்டினாள்.

"எல்லாமே பச்சையா இருக்கு ஆன்ட்டி. இதப் போத்திக்கிட்டு வரப்புல நில்லுங்க லா."

"நான் ஒங்களக் கூட்டிட்டு வந்தவ. வேஷம் போட வந்தவ இல்ல."

"சால்வைதானே ஆன்ட்டி, வேஷமா?"

நின்றேன். கால் வழுக்கிச் சேற்றில் இறங்கிவிட்டேன். அடியில்லை, பயப்படாதீர்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேது பார்த்தது அந்தப் படத்தைத்தான். நீங்களும் பாருங்கள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு வெள்ளையும் சாம்பலும் தவிர நான் எதுவும் கட்டியதில்லை. அவர் கடைசித் தீபாவளிக்கு வாங்கிய அரக்குச் சேலை, பிரிக்காமல் அங்கே உங்கள் வீட்டில் என் பெட்டியின் அடியில் இருக்கிறது.

நீங்கள் போட்ட எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. நான் கட்ட உங்களுக்குச் சம்மதமென்றால் அந்தச் சேலையையும் சேர்த்து அனுப்புங்கள்.

வேன் வந்துவிட்டது. சம்மதமோ இல்லையோ, சேதுவிடம் சொல்லி அனுப்பாமல் உங்கள் கையாலேயே பதில் எழுதுங்கள் அம்மா.

உங்கள் மகள்,
புனிதவதி