எனக்குப் படிக்கத் தெரியும்

கோரிப்பாளையம், மதுரை
14.8.2024

அன்புள்ள ஆன்சனுக்கு,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்கிறார்கள். தவறு. நான் கான்வென்ட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள்.

திங்கட்கிழமை நர்ஸ் தங்கப்பொண்ணு ஊசி போடுவதற்கான சம்மதப் படிவத்தை நீட்டி, "இங்கன பெருவிரலை வைங்க பாட்டி" என்றாள். பேனா கேட்டேன்.

"படிக்கத் தெரியாதுன்னு உங்க மகன்தான் எழுதிக் குடுத்திருக்காக."

"அவனுக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தவளே நான்தாம்மா. ஃபைலைக் குடு."

முழுவதும் படித்தேன். மூன்று வருடத்துக்கு முன் மார்பில் எடுத்தது நீ சொன்ன நீர்க்கட்டி அல்ல, புற்றுநோய். இப்போது முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. முதுகு வலிக்கிறது என்றபோது நீ அதற்குத் தைலம் வாங்கி அனுப்பினாய்.

அன்று எடுத்துவைத்த சதையை ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள். நம் உயிரணுக்களுக்குள் புரதம் எதையும் உண்டாக்காத ஆர்.என்.ஏ. என்று ஒரு வகை இருக்கிறது. முன்பு அதைக் குப்பை என்று தள்ளியிருந்தார்களாம். அதில் சிலதான் புற்றணுக்கள் மார்பைவிட்டுக் கிளம்பி எலும்பில் குடியேற உதவுகின்றனவா என்று பார்க்கப்போகிறார்கள். டாக்டர் மைத்ரேயியிடம் இரண்டு முறை கேட்டுத் தெளிந்துகொண்டேன்.

அந்த ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவத்தில் "வேண்டாம்" என்று நீ கையெழுத்திட்டிருக்கிறாய். ஏன்?

அன்புடன்,
அம்மா

சென்னை
20.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பயந்துவிடுவீர்கள் என்றுதான் மறைத்தேன். படிக்கத் தெரியாது என்று எழுதினால் காகிதம் உங்கள் கைக்கு வராது என்று நினைத்தேன். மன்னியுங்கள்.

ஆனால் அப்பாவுக்கு ஈரலில் புற்று வந்தபோது நீங்களும் அவரிடம் சொல்லவில்லையே அம்மா. அந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லையாம். விட்டுவிடுங்கள்.

உங்கள்
ஆன்சன்

கோரிப்பாளையம், மதுரை
26.8.2024

ஆன்சன்,

உண்மை. அப்பா ஃபைலைக் கேட்டபோது அவருடைய கண்ணாடியை அரிசி டிரம்மில் ஒளித்துவைத்தேன். "எங்க வச்சேன்னு தெரியலையே இன்னாசி" என்று கடைசி வாரம்வரை மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. அதே காரியத்தை எனக்குச் செய்ய உன்னை விடமாட்டேன்.

எனக்குப் பயன் இல்லை என்பது படிவத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டுத்தான் சம்மதிக்கிறேன். என்னைக் கேட்காமல் அது எப்படி எலும்புவரை போனது என்று யாராவது கண்டுபிடிக்கட்டும்.

நீ எழுதிக் கொடுத்தது ஃபைலில் இருக்கும்வரை என் கையெழுத்தை ஏற்க மாட்டார்களாம். "நான் எழுதியது பொய். என் தாயாருக்குப் படிக்கத் தெரியும். முடிவு அவருடையது" என்று எழுதி, கையொப்பமிட்டு அனுப்பு.

போன் செய்யாதே. எழுத்தில் பதில் வேண்டும்.

இன்னாசியம்மாள்