எண் போடாத உத்தரவு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், என் முட்டிவலி மட்டும் என்னை விடாம கூடவே இருக்கு. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சௌக்கியமா இருக்கணும்.

போன வாரம் போன்ல, அதான் இறுதி ஆணைன்னு போட்டுட்டாங்களேம்மா, கடையை விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கன்னு சொல்லி, என்னைப் பேசவே விடாம வச்சுட்டே. உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதுன்னுதான் கடுதாசி. இதுல குறுக்கே பேச முடியாது பாரு.

அப்பாவோட சைக்கிள் கடை நடைபாதையை மறிக்குதாம், இடிக்கப் போறாங்களாம். நடைபாதையே கடைக்கு அப்புறம்தானே வந்துச்சு! கொட்டை எழுத்துல இறுதி ஆணைன்னு கதவுல ஒட்டினதைப் பார்த்ததும் ஷட்டரை இழுத்து விட்டுட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், மூணு நாள் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடல. நாலாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் காகிதத்தை உட்கார்ந்து படிச்சா, எண்ணுக்கு நேரா வெறும் புள்ளி, தேதிக்கு நேராவும் வெறும் புள்ளி. முப்பத்திரெண்டு வருஷம் ஆபீஸ்ல டைப் அடிச்சவடி நான். எண்ணுக்கு இடம் விட்டு அடிக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது. அதிகாரி கையெழுத்துப் போட்டு, அனுப்புற பிரிவுல பேனாவால எண்ணும் தேதியும் எழுதி, உரியவர் கையில கொடுத்தாத்தான் அது உத்தரவு. அதுவரைக்கும் டைப்பிஸ்ட் அடிச்ச காகிதம், அவ்வளவுதான். இறுதிங்கிற வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை அடிச்சிருப்பேன், எனக்கா பயம்? அடியில பொடி எழுத்துல, கையில கிடைச்ச முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்னு வேற போட்டிருக்கு. போட்டோ அனுப்பினேனே, நீயும் தலைப்போட நின்னுட்டே.

நேரா அதை ஒட்டின நகராட்சி ஆபீசுக்குப் போனேன். எண்தானேம்மா, இப்பவே போட்டுத் தரேன்னு அங்க இருந்த கிளார்க் சிரிச்சார். போடுங்க தம்பி, இன்னைய தேதியையே போடுங்கன்னேன். அப்பா சார்பா வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டு, பக்கத்துல தேதியையும் நானே எழுதினேன், முப்பது நாள் கணக்கு அன்னையிலிருந்துதானே ஆரம்பம். அப்புறம்தான் அவர் சிரிப்பு நின்னுச்சு. மனுவை நம்ம பழைய மெஷின்லயே அடிச்சேன், ற எழுத்து மட்டும் ஒட்டுது. அப்பாகிட்ட கையெழுத்து வாங்கி நேத்து கொடுத்தாச்சு. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் இடிக்க மாட்டோம்னு எழுதியும் வாங்கிட்டேன்.

ஜெயிப்போமான்னு கேட்காதே, எனக்கும் தெரியாது. உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு தலைப்பைப் பார்த்துத் தோக்க மாட்டேன். எத்தனை படி இருக்கோ அத்தனையும் ஏறி, ஒழுங்கா தோத்துட்டுத்தான் உன் வீட்டு வாசலுக்கு வருவேன்.

நல்லா இருடி கண்ணு, மாப்பிள்ளைக்கும் எங்க ஆசீர்வாதம். எங்களைக் கேட்காமலே டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கியே, அதுவும் உன் இறுதி ஆணைதானே? அதுக்கும் சேர்த்து இதுவே என் மேல்முறையீடு, மறக்காம ரத்து பண்ணிடு. இன்னைக்குக் காலையில அப்பா ஷட்டரைத் தூக்கிட்டார்.

இப்படிக்கு,
கடை இருக்கிற வரைக்கும் கடைக்காரர் பெண்டாட்டி,
எப்பவும் உன் அம்மா