பேனரில் இருக்கும் அல்சேஷன் வராது, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு பாபு வாங்கி வருவதாக இருந்த அல்சேஷன் குட்டி வரவில்லை. இனியும் வராது. வரவிடாமல் செய்தது நான்தான். கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

உன் பிள்ளையைப் பற்றி உனக்குத் தெரியாததா? முப்பத்தைந்து வயசாகியும் எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. படையலில் உனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவல், பீடிக் கட்டு, ஒரு குவார்ட்டர் எல்லாம் வைப்பது சரி. “நைனா உயிரோட இருக்கசொல்ல ஆசப்பட்டு கெடைக்காதது ஒண்ணே ஒண்ணுதான்க்கா. அத்தயும் வெச்சிரலாம்” என்றான். அல்சேஷன் குட்டியைப் படையலில் வைக்கப் போகிறானாம்! மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால், வாழை இலைக்குப் பக்கத்தில்! வஞ்சிரத்தை அது விட்டுவைக்குமாடா என்று கேட்டேன். முறைத்தான்.

அதோடு விட்டானா? குட்டி வருவதற்கு முன்பே பேனர் அடித்துவிட்டான். நடுவில் நீ, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறாய். உனக்கு ஏது கூலிங் கிளாஸ்? டிசைன் போட்டவன் மாட்டிவிட்டிருக்கிறான். உன் பக்கத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு அல்சேஷன், உன் தோள் உயரத்துக்கு. வியாசர்பாடியில் நம் ப்ளாக் வாசலில் அதைக் கட்டிய அன்று பால்காரர் நின்று பார்த்துவிட்டு, “உங்க நைனா போலீஸ்லயா இருந்தாரு?” என்று கேட்டார்.

நீ எங்கே போலீசில் இருந்தாய்? எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். கேட்டில் நின்று, வருகிற போகிற ட்ரெய்லர் நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. அந்த யார்டில்தான் டைகர் என்று ஓர் அல்சேஷன் இருந்தது. அதற்குத் தனி ரூம், ஃபேன், தினமும் கறி. உன் கேபினில் ஃபேன் கிடையாது. “பெரியவரு வந்தா டைகர ஒரு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள போவாரு. என் சல்யூட்டு அவரு கண்ணுக்கே தெரியாது” என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “நம்ம வூட்லயும் ஒரு நாள் அல்சேஷன் கட்டுறேன் பாரு. எவனும் நம்மள சொம்மா நெனைக்க மாட்டான்” என்பாய். சின்ன வயசில் நானும் நம்பினேன். பாபு இப்போதும் நம்புகிறான்.

சரி, அவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று நானும் கூடப் போனேன், நீ எனக்கு ஓட்ட வாங்கிக் கொடுத்த ஆட்டோவில். ஊருக்கு வெளியே ஒரு நாய்ப் பண்ணை. அதன் ஓனர் முதலில் குட்டியைக் காட்டவில்லை, காகிதத்தைக் காட்டினார். குட்டியின் அப்பன் பேர், பாட்டன் பேர், அவன் வாங்கிய பரிசு. “ப்யூர் ப்ளட் மேடம், கலப்பே கிடையாது.” பிறகு எந்த ஏரியா என்று கேட்டார். வியாசர்பாடி என்றேன். அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, நீயும் எத்தனை பேரிடம் பார்த்திருப்பாய்! “ஹவுசிங் போர்டா? இந்த மாதிரி நாயெல்லாம் அங்க செட் ஆகாதும்மா.” அதுவரை மேடமாக இருந்தேன், நைனா.

பாபு அவரிடம் கெஞ்ச ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனேன். குட்டிகளின் தாய் அங்கே கம்பிக் கூண்டுக்குள் படுத்துக் கிடந்தது. மடி தொங்கித் தரையில் புரண்டது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். தரை கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், இது எத்தனையாவது ஈத்து என்று கேட்டேன். “யாரு எண்ணுனா கண்ணு? வருசம் தவறாம போட்டுகினே கீது. முடியாமப் போச்சுனா எங்கனா அனுப்பிடுவாங்கோ” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்கு டைகர் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கும் மறந்திருக்காது. டைகருக்குக் கண் மங்கி, பின்னங்கால் இழுக்க ஆரம்பித்ததும் யார்டுக்குப் புது நாய் வந்தது. டைகரை அவிழ்த்து வெளியே விட்டுவிட்டு, கேட்டைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தியது நீ. மூன்று நாள் அது கேட்டுக்கு வெளியே படுத்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது என்று அம்மாவிடம் சொன்னாய். “இட்டுகினு வந்துடவா?” என்று கேட்டாய். அம்மா வாய் திறப்பதற்குள் நீயே, “வாணாம் வுடு. கம்பெனி நாயி, நமக்கின்னாத்துக்கு பேஜாரு” என்று முடித்துக்கொண்டாய். நாலாம் நாள் அது அங்கே இல்லை. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. ட்ரெய்லர் ஓடுகிற ரோடு, கண் தெரியாத நாய். எங்கே போனது, நைனா? தேடிப் பார்த்தாயா?

அடுத்த வருஷமே வயசாகிவிட்டது என்று உன்னையும் நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் அல்சேஷன் வாங்குகிற பேச்சு உனக்கு அதிகமானது. அந்த ஆசையில் பாதி, டைகருக்குக் கிடைத்த மரியாதை மேல். மீதி, உன் கையால் சாத்திய கேட். எனக்கு இது அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. பாவம், நீயும்தான் என்ன செய்வாய்?

பாபுவை இழுத்து ஆட்டோவில் ஏற்றினேன். “இங்க ஒரு மயிரும் வாங்க வாணாம். எனக்குத் தெரிஞ்ச நாய் ஒண்ணு கீது” என்றேன்.

அந்த நாயை உனக்குத் தெரியாது. ஆடி மாசம் டோல்கேட் சிக்னலில் ஒரு ட்ரெய்லர் அதன் முன்னங்காலில் ஏறிவிட்டுப் போனது. பெட்டை, செம்பட்டை நிறம், ஒரு காது கிழிந்தது. சவாரியை இறக்கிவிட்டு, சீட்டில் கோணி விரித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அடிபட்ட நாய்களைப் பார்க்கிற ஷெல்டரில் கொண்டுபோய் விட்டேன். காலை எடுத்துவிட்டார்கள். போன மாசம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “குட்டிங்கள எடுத்துட்டுப் போயிடறாங்கக்கா. இதைப் பார்த்ததும் அடுத்த கூண்டுக்குப் போயிடறாங்க. இங்க இடமில்ல. திரும்ப ரோட்ல விட்டா ஒரு வாரம்கூடத் தாங்காது” என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? நானும் கேட்டைச் சாத்தத்தான் இருந்தேன்.

“படையலுக்கு மூணு கால் நாயா? பேனர்ல அல்சேஷன் நிக்குது, ஏரியாவே சிரிக்கும்க்கா!” என்று பாபு குதித்தான்.

“சிரிக்கட்டும். கூலிங் கிளாஸுக்கு சிரிக்காதவனா இதுக்கு சிரிக்கப் போறான்?”

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. அதற்குள் ஷெல்டர் பெண் நம் வீட்டைப் பார்க்க வந்தாள். ஏரியா பேரைக் கேட்டு அவள் முகம் சுளிக்கவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏற முடியுமா, இவ்வளவுதான் கேட்டாள். கேஸ் சிலிண்டரையே தூக்குகிறேன் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு நாயைக் கொடுத்துவிட்டாள்.

நாயோடு வந்தால் ப்ளாக் வாசலில் சங்கத்துச் செக்ரட்டரி நிற்கிறார். “ஜாதி நாயா இருந்தா ப்ளாக்குக்கே கவுரவம்மா, நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். இது தெருநாயி, கலீஜு. மேல ஏத்தாத” என்றார்.

“இன்னாண்ணே, நம்ம வூட்ல மனுசனுக்கே ஜாதி பாக்க மாட்டோம். நாய்க்குப் பாக்க சொல்றியா? ஊசி போட்ட சீட்டு கீது, ஆபரேஷன் பண்ண சீட்டு கீது. நான் ஏறுற படியிலதான் இதுவும் ஏறும். முடிஞ்சா தடுத்துப் பாரு!”

மாடியில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். போர்டு ஆபீசில் கம்ப்ளெயின்ட் கொடுப்பேன் என்றார். குடு, நானே ஆட்டோவில் இட்டுகினு போறேன் என்றேன். இதுவரை கொடுக்கவில்லை. கொடுத்தால் நாயோடுதான் போய் நிற்பேன்.

அம்மாவுக்குத்தான் பயந்தேன். நாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நினைவு நாளன்று படையல் போட்டு, கற்பூரம் காட்டி முடித்ததும், உன் இலையிலிருந்து ஒரு துண்டு வஞ்சிரத்தை எடுத்து முள் பார்த்தாள். வராண்டா பக்கம் திரும்பி, “டைகரு, இந்தா” என்று கூப்பிட்டாள். மூன்று காலில் தத்தித் தத்தி ஓடி வந்தது.

பாபு சிரித்துவிட்டான். “பொட்ட நாய்க்கு இன்னாம்மா அந்தப் பேரு?”

“உங்க நைனாவுக்குத் தெரியும், வுடு” என்றாள். பிறகு உன் படத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம், “அன்னிக்கு கேட்டாருடி, இட்டுகினு வந்துடவான்னு. இட்டுகினு வாய்யான்னுதான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவரே வாணாம்னுட்டாரு” என்றாள்.

கேட்டாயா நைனா? நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இப்போது ஐப்பசி மழை. நம் வராண்டாவில் சாரல் அடிக்குமே, அந்த மூலையில்தான் டைகர் படுக்கிறது. அதை நனைய விடாமல் மேலே ஒரு மறைப்பு கட்டியிருக்கிறது. பாபுதான் கட்டினான், யாரும் சொல்லாமலே. என்ன மறைப்பு என்று நினைக்கிறாய்? உன் பேனர்தான். கூலிங் கிளாஸோடு நீ மேலே நிற்கிறாய். உன் பக்கத்தில் அந்த அல்சேஷன். கீழே நனையாமல் இது தூங்குகிறது.

இதற்கும் வயசாகும். கண் மங்கும், இருக்கிற மூன்று காலும் இழுக்கும். மூன்று மாடி தூக்கிக்கொண்டு இறங்குவேன், தூக்கிக்கொண்டு ஏறுவேன். யார் எந்த ஆபீசில் எதை எழுதிக் கொடுத்தாலும் சரி, இதை வெளியே விட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்த மாட்டேன். உன் மேல் சத்தியம், நைனா. நீ சாத்திய கேட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் ஆசையை மீறிய,
உன் மூத்த பொண்ணு
சரசு