கழுத்துக் கருப்பும் கிரீஸும்

அன்பு மகன் கலையரசனுக்கு, ராசிபுரத்திலிருந்து அம்மா பழனியம்மாள் சொல்லச் சொல்ல, உன் தங்கை தேவிப்ரியா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், அங்கே நீயும் ஆழ்குழாய்க் கிணறு போடும் உன் போர்வண்டியும் சௌக்கியம்தானா. ஜவ்வரிசி மில்லில் சூட்டுத் தட்டு பட்டு அம்மாவின் வலது கையில் கொப்புளம், பயப்படாதே, ஆறி வருகிறது, அதனால்தான் பேனா என்னிடம் வந்தது. சொல்வதை அப்படியே எழுதுவேன் என்று சத்தியம் வாங்கினாள், நடுவில் எதையும் சேர்க்க மாட்டேன் என்று வாங்க மறந்துவிட்டாள். உன் சைட்டில் டவர் கிடையாது, நாளைக்குக் கந்தவேல் அண்ணன் உங்கள் வண்டி ஓட்ட ஒடிசா வருகிறார், இதையும் அதிரச டப்பாவையும் அவரிடம் கொடுத்து விடுகிறோம்.

முதலில் என் கழுத்துக் கதை. பின்கழுத்தில் கருப்பாய்ப் பட்டை விழுந்திருந்ததே, ஞாபகமிருக்கிறதா, அம்மா அதை அழுக்கு என்று முடிவுகட்டி ஞாயிறுதோறும் பீர்க்கங்காய் நாரை வைத்துப் பால்சட்டி விளக்குவது போல விளக்கினாள், தோல் சிவந்ததே தவிர கருப்பு அசையவில்லை. அழுக்கு என்றால் ஏன் கழுத்தில் மட்டும் குடியிருக்கிறது என்று கேட்டேன், வாயில அதவிட நெறய இருக்குது புள்ள என்றாள். இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. நீ ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணீர் பார்க்கிறாய், நான் விரலில் ஒரு துளை போட்டால் என்ன ஊறும். அப்பா காலையில் சர்க்கரை பார்க்கும் மெஷினில் என் ரத்தத்தை வைத்து, பாருங்கப்பா உங்க சர்க்கரை ஊரைக் காலி பண்ணிப் போயிருச்சு என்று காட்டி ஏமாற்றத் திட்டம். வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு வந்தது அண்ணா, அன்றைக்கு அப்பாவுக்கு வந்ததைவிட அதிகம். அப்பா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போன வருடம் எடுத்துவிட்ட கால்விரல் இருந்த இடத்தைத் தடவினார், சிரிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்தார், என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், இத எத்தன நாளா தேக்கறீங்க என்று அம்மாவைக் கேட்டார். இது அழுக்கு இல்லைங்க, உடம்பு முன்கூட்டியே சொல்ற சேதி, சர்க்கரை இன்னும் வாசல்லதான் நிக்குது, இந்த வயசுல வந்த வழியே அனுப்பிடலாம் என்றார். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. கூல்டிரிங்க்ஸ், பேக்கரி, ராத்திரி செல்போன் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு நடக்கச் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள், அதற்குப் பதில் மூன்று வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சி, உடம்புக்குக் குளிர்ச்சியாம், சர்க்கரையே போடவில்லையாம். எனக்குச் சந்தேகம், சீனி இல்லாத கஞ்சி சீனியாகுமா என்று குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன், எண் எகிறிப்போய் மேலே நின்றுகொண்டு கீழே இருந்த என்னைக் கூப்பிட்டது. மாவும் வயித்துக்குள்ள போயி சர்க்கரைதாங்க ஆகும் என்று அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சொன்னதும், இத்தனை வருசம் மில்லில் அதைத்தான் வறுக்கிறாள் அல்லவா, அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது அவித்த முட்டை, பாசிப்பயறு, கீரை, கொஞ்சமாய்ச் சோறு, சாப்பிட்டதும் அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டு வரை நடை. அதே கஞ்சியை அளவாய்க் குடித்துவிட்டு நடந்தால் எண் எவ்வளவு ஏறும் என்றும் பார்த்துவிட்டேன், பாதிகூட ஏறவில்லை, ஏன் என்று கேட்டால் கால்சதை சர்க்கரையைத் தின்னுமாம், எனக்கு அதைவிட ருசியான சேதி இல்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் தொண்ணூற்றாறு. கழுத்தும் லேசாய் வெளுக்கிறது.

இப்போது உன் கழுத்து. போன மாதம் அங்கே டவுனுக்குப் போனபோது கம்ப்ரசர் மேல் சாய்ந்து நின்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அம்மா அதைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். உன் காலர் ஓரத்தில் அதே கருப்பு. அவனுக்குப் பத்தொன்பது வயதுதானே, ரிக்கில் கிரீஸ் பட்டிருக்கும் என்று வாய் சொல்கிறது, கை போட்டோவை விடமாட்டேன் என்கிறது. தினமும் பரோட்டாவா, தாகத்துக்குக் கலர் பாட்டிலா, ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்கச் சொல்கிறாள். பாறை உடைக்கிறவன் உடம்புக்கு ஒன்றும் வராது என்று நீ சொல்வாய், லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றிய அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள், சீக்கிரம் எழுதுகிறேன். அதிரசம் மேல் வரிசை மட்டும்தான் அதிரசம். அடியில் அப்பாவின் சர்க்கரை மெஷின், புது ஊசி, ரத்தம் தொட்டு வைக்கும் பட்டைகள். அப்பாதான் வைத்தார். எனக்கு ஒரு வெரலே போயிருச்சு, அவனுக்கு ஒரு துளிதான போகுது, அனுப்பு, நான் ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கறேன் என்றார். எண் எதுவானாலும் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு. அதிரசம் குறைகிறதே என்று என்னைத் திட்டாதே, அதிரசம் ஒன்றைக்கூட நான் தொடவில்லை, சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஆத்தாயி அக்காவைக் கேட்டுக்கொள்.

அம்மா வந்துவிட்டாள், பேனாவைப் பிடுங்குகிறாள், இடது கையால்.

கலை சாமி, டப்பா கனத்துலயே எனக்குத் தெரியும். நல்லா இரு, குலசாமி கூட இருக்கும். மொதல்ல சோப்பு போட்டுக் கழுவிப் பாரு. கிரீஸாத்தான் இருக்கோணும்னு கும்புடறேன். போகலீன்னா ஊசியை எடு. நான் இவளைத் தேச்ச மாதிரி மட்டும் தேக்காத, வலிக்கும்.

அம்மா,
பழனியம்மாள்